மேசைக்குப் போன கால்

இந்த நகரத்தில் துப்பறிவாளனாக இருப்பதற்கு மூளை வேண்டாம், துணிச்சல் வேண்டாம், லைசென்ஸ் இருந்தால் போதும். அந்த லைசென்ஸைப் புதுப்பிக்கத்தான் மூளையும் துணிச்சலும் வேண்டும். பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கத்திக்குத்து வாங்கியிருக்கிறேன். இரண்டாம் மாடியிலிருந்து குதித்து, கீழே நின்ற காய்கறி வண்டிக்காரரிடம் அதற்கும் சேர்த்து அடி வாங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத நடுக்கம், தலைமைக் காவல் அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்குப் படியேறும்போது வந்துவிடும்.

விதி இதுதான். தனியார் துப்பறிவாளன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு மூன்று திருட்டுப் பொருள்களையாவது கண்டுபிடித்து, அந்த மூன்றாம் மாடியில் இருக்கும் மீட்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். இந்த ஆண்டு என் பெயரில் இரண்டு ஏறியிருந்தன: ஓர் ஏணி, ஒரு கிளி. கிளி திரும்பி வந்ததும் தன் எஜமானரைத் திட்டிய திட்டைக் கேட்டவர்களுக்கு, அது திருடு போகவில்லை, கோபித்துக்கொண்டு போயிருக்கிறது என்று தெரிந்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. பதிவு பதிவுதான். மாதக் கடைசிக்குள் இன்னும் ஒன்று வேண்டும்.

அப்படியொரு திங்கட்கிழமை காலையில்தான் தபால்காரம்மா வந்தார். என் அறை சலவைக் கடைக்கு மேலே இருக்கிறது. படியேறும் ஓசையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பத்துப் பேரிடம் பீற்றிக்கொள்பவன் நான். அன்று கேட்ட ஓசை பிடிபடவில்லை. ஒரு தட்டு, ஒரு குதி, ஒரு வசவு. மறுபடி தட்டு, குதி, வசவு. கதவு திறந்தது. நாற்பது வயது, காக்கிச் சீருடை, கக்கத்தில் ஊன்றுகோல்.

"நீங்கதான் துப்பறியிறவரா? பதினெட்டுப் படி. படிக்கு ஒண்ணுன்னு திட்டிட்டு வந்தேன். கோச்சுக்காதீங்க, உங்களைத்தான்."

"உக்காருங்கம்மா. என்ன காணோம்?"

"கால்."

என் தொழிலில் ஆச்சரியத்தை முகத்தில் காட்டக் கூடாது. தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, "எந்தக் கால்?" என்று கேட்டேன்.

"நல்லா கேட்டீங்க. இருக்கற கால் இங்க இருக்கு. இல்லாத காலைத்தான் காணோம்."

நான்கு வருடம் முன்பு லாரி மோதி இடது முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் பொருத்தி, விழுந்து எழுந்து நடை பழகி, பழையபடி தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். நானூறு வீடு. ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவக் குழுவின் முன்னால் யார் துணையும் இல்லாமல் நூறு அடி நடந்து காட்ட வேண்டும். இந்த ஆண்டு அது வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. நடக்காவிட்டால் உடல் தகுதி இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"நீச்சல் குளத்துல இறங்கும்போது கழட்டிப் பையில வச்சேன். ஏறி வந்து பாக்கறேன், பை இல்ல. பைக்கு ஆசைப்பட்டு எடுத்திருக்கான் பாவி. வீட்டுல போய்த் திறந்து பார்த்து மயக்கம் போட்டிருப்பான். புதுக்கால் செய்ய ரெண்டு மாசம் ஆகும்ங்கறாங்க. பொண்ணு நர்சிங் கடைசி வருஷம் படிக்கறா, சம்பாதிக்கறது நான் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை எனக்குக் கால் வேணும் சார்."

"அடையாளம் ஏதாவது?"

"கெண்டைப் பக்கம் நாலு பல்லுத் தடம் இருக்கும். என் ஏரியாவுல ஒரு நாய் கடிச்சுப் பாத்துச்சு. அன்னையிலேர்ந்து எல்லா நாயும் எனக்கு ரொம்ப மரியாதை."

செவ்வாய்க்கிழமை காலைக்குள் கண்டுபிடித்துவிட்டேன். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பவர்களுக்கு நிழல் உலகம், ரகசியத் தகவல் என்று ஏதாவது சொல்லி வைப்பேன். உண்மை என்னவென்றால் என் காலுறையில் ஓட்டை. புதுசு வாங்கப் போன கடையின் கண்ணாடிக்குள், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட காலுறையை மாட்டிக்கொண்டு தபால்காரம்மாவின் கால் நின்றுகொண்டிருந்தது. கெண்டையில் நாலு பல்.

"நேத்துதான் பழைய சாமான்காரன்கிட்ட வாங்கினேன். இது வந்ததிலேர்ந்து வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுது சார்" என்று கடைக்காரர் கண் கலங்கினார். விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் காலுறையோடு எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர்.

தபால்காரம்மாவின் வீடு அங்கிருந்து மூன்று தெரு. நேராகப் போயிருக்கலாம், போகவில்லை. என் புத்தி மூன்றாவது பதிவின் மேல் இருந்தது. அரைமணி நேரம், ஒரு கையெழுத்து, உடனே காலை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் வேறு யாருமில்லை, நான்தான்.

மூன்றாம் மாடியில் மீட்புப் பிரிவு. பெரிய கூடம். நடுவில் பன்னிரண்டடி நீளத்துக்கு ஒரு மேசை, அதன்மேல் தினமும் இஸ்திரி போடப்படும் பச்சைத் துணி. துணியின்மேல் ஒன்றுமில்லை. அதன் பொறுப்பாளரைக் கட்டடம் முழுக்க 'மேசை ஐயா' என்றுதான் சொல்வார்கள். அவர் காலை வாங்கி, 'கால் (இடது) ஒன்று, காலுறை ஒன்று' என்று பதிவேட்டில் எழுதி, 'சான்றுப் பொருள் எண் 1' என்று ஒரு அட்டையைக் கயிறு போட்டுக் கட்டினார். எனக்குப் பரம சந்தோஷம்.

"சரிங்கய்யா, அப்ப நான் எடுத்துட்டுப் போயி அந்தம்மாகிட்ட குடுத்துடறேன்."

"எதை?"

"காலை."

"காட்சி முடியாமலா?"

மேசை ஐயா நாற்காலியில் சாய்ந்தார். இந்தக் கேள்விக்காகவே பல வருடம் காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

"தம்பி, ஒரு பொருள் திருடு போறது சாதாரணம். அது கிடைக்கறதும் சாதாரணம். ஆனா கிடைச்சதை ஜனங்க பாக்கணும். மேசையில வைக்கணும், பின்னாடி அதிகாரிங்க வரிசையா நிக்கணும், போட்டோ எடுக்கணும். யாரும் பாக்காத மீட்பு மீட்பே இல்ல. போன வருஷம் ஒரு ஆம்புலன்ஸ் காணாமப் போச்சு. கண்டுபிடிச்சோம். மேசையில ஏத்த முடியல. அதனால அது இன்னும் காணாமத்தான் போயிருக்கு. கீழ வாசல்ல நிக்குது பாருங்க."

வந்தபோது பார்த்தேன். அதன் மேல் காக்கை கூடு கட்டியிருந்தது.

"அப்படின்னா இப்பவே வச்சிரலாமே, மேசை காலியாத்தானே இருக்கு?"

"அதுதான் சிக்கலே. பன்னிரண்டடி மேசையில ஒத்தைக் காலை வச்சுட்டு, பின்னாடி இருபது அதிகாரிங்க நின்னா ஜனங்க என்ன சொல்லுவாங்க? இருபது பேரு சேந்து ஒரு காலைக் கண்டுபிடிச்சாங்கம்பாங்க."

"கண்டுபிடிச்சது நான் ஒருத்தன்தானே ஐயா?"

"அது இன்னும் கேவலம். மேசை நிறையட்டும் தம்பி. போன தடவை ஏழே மாசத்துல எட்டடி நிறைஞ்சுது."

கால் இரும்பு அலமாரிக்குள் போயிற்று. நான் வெறுங்கையோடு தபால்காரம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுதும்மா."

"எங்க?"

"தலைமைக் காவல் அலுவலகத்துல."

ஊன்றுகோலைக் கதவில் சாய்த்து வைத்தார். "தொப்பி சார், திருடன்கிட்ட இருந்திருந்தா அழுது கேட்டாவது வாங்கியிருப்பேன். போலீஸ்கிட்ட கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்து நிக்கறீங்களே, உங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்றாவது பதிவுக்காக ஒரு பெண்ணின் பிழைப்பைக் கொண்டுபோய் அலமாரியில் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அந்த மேசையை நிரப்பிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

புதன்கிழமை முழுவதும் மேசையை நிரப்பினேன். பன்னிரண்டடிக்குத் திருட்டுப் பொருளை ஒரே நாளில் எந்தக் கொம்பனாலும் பிடிக்க முடியாது. அதனால் என் பொருளையே கொண்டுபோனேன். என் அறையிலிருந்து டைப்ரைட்டர், மேசை விசிறி, சுவர்க் கடிகாரம், ஒரு நாற்காலி. போதவில்லை. வீட்டில் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். பிரஷர் குக்கரை எடுத்துக்கொண்டேன். மேசை ஐயா ஒவ்வொன்றுக்கும் அட்டை கட்டினார். நான் படும் பாட்டைப் பார்த்து அங்கிருந்த காவலர்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ஒருவர் தன் மச்சானின் சைக்கிளை, மச்சானுக்குத் தெரியாமல், தூக்கி வந்தார். இன்னொருவர் மாமியாரின் தையல் மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இனிமே வீட்டுல அமைதியா இருக்கும்" என்றார். மேசை ஐயா தன் பங்குக்குத் தான் வாங்கிய பாராட்டுக் கேடயங்களை அடுக்கினார்.

"ஐயா, இதை யாரும் திருடலையே?"

"திருடினதை யார் வேணா மீட்கலாம் தம்பி. திருடாததை மீட்கறதுதான் சாதனை."

அன்று வீட்டுக்குப் போனதும் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, குக்கர் எங்க?"

"மீட்டுட்டாங்க."

"யார்கிட்டேர்ந்து?"

"நம்மகிட்டேர்ந்துதான்."

அதற்குப் பிறகு அவள் சொன்னவற்றை அச்சில் ஏற்ற முடியாது. அந்தக் குக்கர் அவளுடைய அப்பா வாங்கித் தந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் காட்சி. பெரிய அதிகாரி பதினொன்றரைக்கு வந்தார். கூடம் நிறையப் பத்திரிகைக்காரர்கள். மேசையில் ஒரு இஞ்ச் இடமில்லை. நட்டநடுவில் பட்டைக் காலுறையோடு தபால்காரம்மாவின் கால். அவர் கடைசி வரிசையில் ஊன்றுகோலோடு நின்றார். உட்கார நாற்காலி இல்லை, இருந்த ஒன்றும் மேசைமேல் இருந்தது. பெரிய அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுதி வந்ததை வாசித்தார்.

"இந்த மேசையைப் பாருங்கள். சென்ற முறை எட்டடிதான் நிறைந்தது. இம்முறை பன்னிரண்டடி. நமது துறை நான்கடி முன்னேறியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அடுத்த ஆண்டு பதினாறடி மேசைக்கு அனுமதி கேட்டிருக்கிறோம். அதை நிரப்பப் பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும். சிலர் வீட்டை இறுகப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். அப்படிப்பட்ட சுயநலக்காரர்களால்தான் எங்கள் பணி தேங்குகிறது."

கைதட்டல் எழுந்தது. ஒரு பத்திரிகைக்காரர் கையைத் தூக்கினார். "சார், அந்தக் காலோட சொந்தக்காரர் யாரு?"

பெரிய அதிகாரி மேசை ஐயாவைப் பார்த்தார். மேசை ஐயா கூரையைப் பார்த்தார்.

"அவர் தலைமறைவாக இருக்கிறார்" என்றார் பெரிய அதிகாரி. "ஆனால் ஒரு கால் எங்களிடம் இருக்கும்போது அவர் எவ்வளவு தூரம் போய்விட முடியும்?"

"யோவ், நான் இங்கதான்யா நிக்கறேன்!" என்று கடைசி வரிசையிலிருந்து தபால்காரம்மா கத்தினார்.

"பிடித்துவிட்டோம்" என்றார் பெரிய அதிகாரி. முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள்.

காட்சி முடிந்தது, இனி காலைக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். சொந்தக்காரர் தன் பொருளை அடையாளம் காட்ட வேண்டுமாம். அதே மாதிரி ஐந்து பொருள்களோடு கலந்து வைத்து, அவற்றில் எது என்று காட்ட வேண்டுமாம். ஊரில் ஐந்து செயற்கைக் காலுக்கு எங்கே போவது? மேசை ஐயா அசரவில்லை. ஒரு திரையைக் கட்டினார். அதன் பின்னால் ஐந்து காவலர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கால் வரை கால்சட்டையைச் சுருட்டி, திரைக்குக் கீழே இடது காலை மட்டும் நீட்டினார்கள். ஆறாவதாகச் சான்றுப் பொருள் எண் 1. ஆறுக்கும் பட்டைக் காலுறை. துறையின் செலவில் வாங்கியது.

"சொல்லுங்கம்மா, இதுல எது உங்க கால்?"

"முடி இல்லாதது."

"அவசரப்படாதீங்க. நல்லா யோசிங்க. தப்பான காலைக் காட்டினா அந்தக் காவலரை உங்ககூட அனுப்ப வேண்டியிருக்கும்."

இடம் மாற்றி மாற்றி மூன்று முறை வைத்தார்கள். மூன்று முறையும் தபால்காரம்மா சரியாகச் சொன்னார். நான்காவது காவலர் கூச்சம் தாங்காமல் சிரித்ததால் ஒரு சுற்றைத் திரும்ப நடத்த வேண்டியதாயிற்று. சாயங்காலம் நாலு மணிக்கு மேசை ஐயா எழுந்து தபால்காரம்மாவைக் கும்பிட்டார்.

"சந்தேகமே இல்ல, கால் உங்களுதுதான். திருடன் பிடிபட்டு, கோர்ட்ல வழக்கு முடிஞ்சதும் வந்து வாங்கிக்கங்க. அஞ்சாறு வருஷத்துல முடிஞ்சிடும்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். என்ன செய்திருப்பேனோ தெரியாது. தபால்காரம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். இருபது வருடம் அரசாங்க வேலையில் இருந்தவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

"ஐயா, இப்ப நான் வாங்கிக்கல. பொருளை வெளிய எடுத்துட்டுப் போகவே கூடாதுன்னு விதி இருக்கா?"

மேசை ஐயா தடித்த புத்தகத்தைப் புரட்டினார். "டாக்டருங்க பாத்து அபிப்பிராயம் சொல்லணும்னா எடுத்துட்டுப் போகலாம். காவலர் கூடப் போகணும்."

"நாளைக்குப் பத்து மணிக்கு மூணு டாக்டருங்க பாக்கப்போறாங்க. கடுதாசி இருக்கு, பாருங்க."

அவர் கடிதத்தைப் படித்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார். "எப்படி எடுத்துட்டுப் போறது? பெட்டியிலயா?"

"மாட்டிக்கிட்டு."

மறுபடி புத்தகத்தைப் புரட்டினார். எப்படி எடுத்துச் செல்வது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதாததைச் செய்ய மேசை ஐயாவுக்குத் துணிச்சல் கிடையாது, தடுக்கவும் துணிச்சல் கிடையாது. அந்த இடைவெளியில் தபால்காரம்மா காலை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனை வராந்தாவில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். ஓய்வு பெற எட்டு மாதமே இருந்த, தொப்பை போட்ட ஒரு காவலர், அட்டையின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு தபால்காரம்மாவின் பக்கத்தில் நின்றார். மூன்று டாக்டர்களில் மூத்தவரான ஓர் அம்மையார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"யார் துணையும் இல்லாம நடக்கணும். நீங்க தள்ளி நில்லுங்க."

"நான் இவங்களுக்குத் துணையா வரல டாக்டர். கால் எங்கயும் ஓடிப்போயிடாம பாத்துக்கறேன்" என்றார் காவலர்.

டாக்டரம்மா அட்டையைப் படித்தார். தபால்காரம்மாவைப் பார்த்தார், என் தொப்பியைப் பார்த்தார். "நடங்க" என்றார்.

நடந்தார். இருபதாவது அடியில் கொஞ்சம் தடுமாறினார், எனக்கு உயிரே போய்விட்டது. காலை ஊன்றிக்கொண்டு மேலே நடந்தார். அறுபதாவது அடியில் காவலருக்கு மூச்சு வாங்கியது. எண்பதில் அவர் கயிற்றை விட்டுவிட்டு, "நீங்க போங்கம்மா, நான் இங்கேர்ந்தே பாத்துக்கறேன்" என்று சுவரில் சாய்ந்தார். தபால்காரம்மா நூறையும் தாண்டி, வராந்தாவின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தார். நான் அழுதேன். தொப்பி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

தபால்காரம்மா தகுதி உடையவர் என்றும், உடன் வந்தவர் தகுதி அற்றவர் என்றும் குழு எழுதியது. அதற்குக் கீழே டாக்டரம்மா தன் கையால் ஒரு வரி சேர்த்தார். இந்தக் கால் தொடர்ந்து மருத்துவர்களின் பார்வையில் இருக்க வேண்டும், தினமும் நடந்துகொண்டிருந்தால்தான் திட்டமான அபிப்பிராயம் சொல்ல முடியும். டாக்டர் வாக்கை மீற மேசை ஐயாவின் புத்தகத்தில் இடமில்லை. மறுநாளிலிருந்து தபால்காரம்மா தெருத்தெருவாகத் தபால் கொடுத்தார், பின்னால் அந்தக் காவலர் பாதிப் பையைச் சுமந்துகொண்டு போனார். ஒரே மாதத்தில் அவருடைய தொப்பை பாதியாகிவிட்டது. என் லைசென்ஸும் வந்தது. குக்கர் மட்டும் வரவில்லை, அதன் திருடன் பிடிபட வேண்டுமாம்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஒல்லியாக ஒருவன் என் அறைக்குள் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சார், நீச்சல் குளத்துல அந்தப் பையை எடுத்தவன் நான்தான். பேப்பர்ல போட்டோ பாத்தேன். அதுலேர்ந்து சோறு இறங்கல. போலீஸ்ல சரணடையப் போறேன். நீங்க கூட வாங்க சார், தனியாப் போக பயமா இருக்கு."

பதினெட்டு வருடத்தில் ஒரு திருடன் தானாக என் வாசலேறி வந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த ஆண்டுக்கு ஒரு பதிவு தயார் என்று நானும் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாசற்படி வரைக்கும் வந்த பிறகுதான் உறைத்தது. இவன் பிடிபட்டால் வழக்கு கோர்ட்டுக்குப் போகும். வழக்கு போனால் சான்றுப் பொருள் எண் 1 அங்கே போய் உட்கார வேண்டும், ஐந்தாறு வருடம். அவனை அறையிலேயே உட்காரவைத்துப் பூட்டிவிட்டுத் தபால்காரம்மாவைத் தேடி ஓடினேன். ஏழாவது தெருவில் பிடித்தேன். காவலர் காதில் விழாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"தொப்பி சார்" என்றார் அவர், கடிதக் கட்டைப் பிரித்துக்கொண்டே. "இது உங்களுக்குப் புது வேலை. அந்தப் பையன் எந்தக் காலத்துலயும் பிடிபடக் கூடாது. அவன்கிட்ட, சாமி சத்தியமா நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க. பையையும் அவனே வச்சுக்கட்டும். பொண்ணு படிப்பு முடியட்டும், நான் ஓய்வு வாங்கட்டும், அப்புறம் அவன் போய்ச் சரணடையட்டும்."

அன்றிலிருந்து இதுதான் என் முக்கியமான வழக்கு. சனிக்கிழமைதோறும் மனசாட்சி உறுத்துகிறது என்று அவன் வந்துவிடுவான். டீ வாங்கிக் கொடுத்து, திட்டி, கெஞ்சி, சரணடையாமல் பார்த்துக்கொள்கிறேன். போன சனிக்கிழமை அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"ஒரு திருடனைப் பிடிக்காம இருக்கறதுக்குன்னே தனியா ஆள் போட்டு வேலை செய்வாங்களா சார்?"

எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தேன். என் சன்னலிலிருந்து தலைமைக் காவல் அலுவலகத்தின் பின்பக்கம் தெரியும். ஐந்து மாடி. ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் காகிதக் கட்டுகளோடு போய் வந்துகொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடியில் பச்சைத் துணிக்கு யாரோ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க ஐந்நூறு பேரு அதே வேலைதான் பாக்கறாங்கப்பா" என்றேன். "எனக்கு மட்டும்தான் அதுக்கு ஒரு காரணம் இருக்கு."